மெசின் வாங்க முதல் வைக்கோலை எண்ணிப் பாருங்கள்



கடந்த மாசி மாதத்தில் இரணைமடுக் குளத்தின் கீழுள்ள ஒரு கிராமத்திற்கு வீட்டுத் தரிசிப்புக்காகப் போயிருந்தேன். வழக்கமாக என்னைக் கண்டதும் தேநீர் வைக்க அடுப்படிக்குள் ஓடும் அக்கா ஒருவர், அன்று நேரே அறைக்குள் போய் மினுங்கும் தாள் ஒன்றை எடுத்து வந்து நீட்டினார்.

"தங்கச்சி, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. கையெழுத்து வைக்கட்டோ, விடட்டோ?"

தோளில் மாட்டிப் புல் வெட்டும் மெசின் ஒன்றும், மோட்டரில் ஓடும் புல் நறுக்கி ஒன்றும் சோடியாக அந்தத் தாளில் இருந்தன. முற்பணம் தேவையில்லை, கிழமைக் கட்டுக்காசு, இரண்டு வருடத்தில் முடியும் என்று எழுதியிருந்தது. வீடு வீடாக வந்த ஒருவர் கொடுத்துவிட்டுப் போனாராம். வெள்ளிக்கிழமை திரும்ப வருவாராம்.

அக்காவுக்குக் கணவர் இல்லை. 2009 வைகாசியில் இழந்தார். வலது தோளில் செல் துண்டு இன்னும் இருக்கின்றது. பெற்றோர் வழியில் வந்த இரண்டு ஏக்கர் வயலும், வீட்டோடு அரை ஏக்கர் மேட்டுக்காணியும் உண்டு. கறவைப் பசு இரண்டு, நாகு ஒன்று. காலையில் பால் சேகரிப்பவரிடம் ஊற்றும் காசில்தான் மகளின் உயர்தர வகுப்புச் செலவும் வீட்டுச் செலவும் ஓடுகின்றன. மழை காலத்தில் இரண்டு மாடும் சேர்ந்து ஆறு லீற்றர் வரை கறக்கும். ஆவணி மாதத்தில் அது இரண்டு லீற்றராக இறங்கிவிடும்.

"கோடையில புல்லு இல்லை தங்கச்சி. மாட்டின்ர விலா எலும்பை எண்ணலாம். மெசின் இருந்தாச் சமாளிக்கலாம் எண்டு சொல்லுறாங்கள்."

இந்தப் பிரச்சினை அந்த அக்காவுக்கு மட்டும் உரியதல்ல. மேய்ச்சல் தரை சுருங்கிக்கொண்டே போகின்றது. மட்டக்களப்பில் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காக 2023இல் பண்ணையாளர்கள் வீதிக்கு இறங்கியதை அறிவீர்கள். 2022 டிசெம்பரில் மாண்டவுஸ் புயல் நேரத்துக் குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் செத்துப் போயின. மெலிந்து போன மாட்டுக்குக் குளிரைத் தாங்கும் சக்தி குறைவு. ஆகவே மாட்டுக்குத் தீனி சேமிப்பது பாலுக்காக மட்டுமல்ல.

ஆனால் சேமிப்பதற்கு எந்தக் கருவி வேண்டும் என்பதை மெசின் விற்பவர் தீர்மானிக்கக் கூடாது. அன்று நாங்கள் இருவரும் பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கையே உங்களுக்கும் எழுதுகின்றேன்.

வைகாசி நடுப்பகுதி தொடக்கம் புரட்டாதி முடியும் வரை ஏறக்குறைய 135 நாட்கள் பச்சைப் புல் தட்டுப்பாடு. அந்த நாட்களில் ஒரு உள்ளூர்ப் பசுவுக்கு நாளொன்றுக்கு 4 கிலோ வைக்கோலும் மிச்சத்துக்குக் குழையும் கிடைக்கும் கொஞ்சப் புல்லும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பசுவுக்கு நாளொன்றுக்கு 8 கிலோ. 135 நாளைக்கு 1,080 கிலோ. நாகுக்கும், மழையில் பழுதாவதற்கும் சேர்த்து 1,200 கிலோ என்று எழுதினோம்.

இனி வரவு. நெல் எவ்வளவு விளைகின்றதோ ஏறக்குறைய அதே நிறை வைக்கோலும் வரும். அக்காவின் வயலில் ஏக்கருக்கு 60 புசல். ஒரு புசல் 20 கிலோ என்று பார்த்தால் ஏக்கருக்கு 1,200 கிலோ நெல், இரண்டு ஏக்கரில் 2,400 கிலோ வைக்கோல். வெட்டு மெசின் உயரத்தில் வெட்டுவதால் பாதி அடிக்கட்டையாக வயலிலேயே நின்றுவிடும். மிச்சம் 1,200 கிலோ.

அக்கா பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்குத் தேவையான தீனி முழுவதும் அவருடைய சொந்த வயலிலேயே கிடந்திருக்கின்றது. ஒவ்வொரு வருடமும் பெரும்போக அறுவடை முடிந்த கையோடு அவர் அதை நெருப்பு வைத்துக் கொளுத்தி வந்திருக்கின்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. அரிவு வெட்டிச் சூடு வைத்து, களத்தில் போட்டு அடித்த காலத்தில் வைக்கோல் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தது. மட்டக்களப்புக் களவெட்டிகளில் வைக்கோலை உதறும் கம்புக்கு 'வேலைக்காரன்' என்றே பெயர். அந்த வேலைக்காரன் இருந்தவரை வைக்கோல் வீணாகவில்லை. இப்போது பெரிய வெட்டு மெசின் ஒரு ஏக்கரைச் சிறிது நேரத்தில் வெட்டி, வைக்கோலை வயல் முழுவதும் சிதறவிட்டுப் போகின்றது. அதைக் கூட்டிப் பொறுக்க ஆளில்லை. அடுத்த உழவுக்கு இடைஞ்சல் என்று கொளுத்துகின்றோம்.

ஆகவே அக்காவுக்கு முதலில் வேண்டியது புல் வெட்டும் மெசின் அல்ல, சிதறிய வைக்கோலைக் கூட்டி, கட்டி, ஏற்றி, மழை படாமல் வைக்கும் வழி.

கூட்டுவதற்கு நீளமான பிடி போட்ட முள்ளு வாரியும் கவைக்கம்பும் போதும். பிடி உங்கள் நெஞ்சு உயரத்துக்கு மேல் வர வேண்டும். கடையில் விற்கும் பிடி கட்டையானது, அதைப் பிடித்துக் குனிந்து நின்றால் மாலையில் நாரி நிமிராது. நல்ல தடி ஒன்றை நீங்களே வெட்டிப் போட்டுக்கொள்ளுங்கள்.

கட்டுவதற்கு மூன்று வழிகள் உண்டு. சில பிரதேசங்களில் உழவு இயந்திரத்தில் பூட்டி வைக்கோலைச் சுருட்டிக் கட்டும் மெசின் கூலிக்கு ஓடுகின்றது, கட்டுக் கணக்கில் காசு வாங்குவார்கள். இதைச் சொந்தமாக வாங்கும் எண்ணம் ஒரு சிறு விவசாயிக்கு வரவே கூடாது. உங்கள் இரண்டு ஏக்கருக்கு ஒரு போகத்தில் அரை நாள் வேலைகூட அதற்கு இருக்காது. ஆனால் பக்கத்து வயல்காரர் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே நாளில் கூப்பிட்டால் கூலி கட்டுப்படியாகும். தனி ஒருவருடைய சிறு துண்டுக்கு மெசின்காரர் வர மாட்டார். உங்கள் கமநல சேவைகள் நிலையத்தில் கேட்டால் யாரிடம் இந்த மெசின் உண்டு என்பதை அறியலாம்.

இரண்டாவது வழி மரப்பெட்டி. கென்யா நாட்டில் சிறு பண்ணையாளர்கள் இதைப் பயன்படுத்துகின்றார்கள். மேலும் கீழும் திறந்த ஒரு பெட்டி. நீளம் இரண்டே முக்கால் அடி, அகலம் ஒன்றே முக்கால் அடி, ஆழம் ஒன்றரை அடி. நிலத்தில் வைத்து, குறுக்கே இரண்டு கயிறுகளைப் பெட்டிக்குள் போட்டு, நுனிகளை வெளியே விட்டு, வைக்கோலை நிரப்பி நிரப்பி ஏறி மிதிக்க வேண்டும். நிரம்பியதும் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டுப் பெட்டியை மேலே தூக்கினால் சதுரக் கட்டு நிற்கும். காய்ந்த புல்லாயின் ஒரு கட்டு 15, 20 கிலோ வரை வரும். நெல் வைக்கோல் அவ்வளவு இறுகாது. எங்கள் மிதியில் 12 கிலோ வந்தது. அப்படியானால் 1,200 கிலோவுக்கு 100 கட்டு. ஒரு தச்சரிடம் பழைய பலகையைக் கொடுத்தால் ஒரு நாளில் செய்து தருவார். கூலியும் ஆணியும்தான் செலவு. மிதிக்கும் வேலைக்குப் பிள்ளைகள் போட்டி போடுவார்கள்.

மூன்றாவது, ஒன்றும் கட்டாமல் அள்ளிப் பெட்டியில் ஏற்றுவது. வயல் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் இதுவே போதும். தூரமென்றால் உதிரி வைக்கோல் இடத்தை அடைக்கும். லான்ட்மாஸ்டர் பெட்டிக்கு நடைக்கூலி கூடும். கட்டுவதன் இலாபம் அங்கேதான் இருக்கின்றது.

நேரம் முக்கியம். மாசிப் பனியில் காலை வைக்கோல் நனைந்து கிடக்கும். பத்து மணிக்குப் பிறகே கூட்டுங்கள். வெட்டிய பின் இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் படட்டும். போதிய அளவு காய்ந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. காய்ந்த போத்தல் ஒன்றில் நறுக்கிய வைக்கோல் ஒரு பிடியும் உலர்ந்த உப்பு ஒரு கரண்டியும் போட்டு மூடி, சில நிமிடம் குலுக்குங்கள். உப்பு கட்டிபட்டால் அல்லது போத்தலில் ஒட்டினால் ஈரம் இன்னும் உண்டு. ஈரத்தோடு அடுக்கினால் பூஞ்சணம் பிடிக்கும். சில வேளை உள்ளே சூடேறித் தானே நெருப்புப் பற்றவும் கூடும். அடுக்கிய முதல் சில கிழமைகளில் ஒரு இரும்புக் கம்பியை நடுவில் குத்தி வைத்து, இடைக்கிடை இழுத்துத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடென்றால் உடனே பிரித்துவிட வேண்டும்.

போர் வைக்கும் இடம் அடுப்படிக்கும் குப்பை எரிக்கும் இடத்துக்கும் தூரமாக இருக்கட்டும். பனங்குற்றி அடுக்கி நிலத்திலிருந்து ஒரு அடி உயர்த்துங்கள். இல்லாவிட்டால் அடியிலுள்ளதைக் கறையான் தின்றுவிடும். மேலே கிடுகோ பொலித்தீனோ எதுவும் நல்லது, ஆனால் பக்கங்களை மூடிக் கட்ட வேண்டாம்.

இனிப் புல் வெட்டும் மெசின். வெறும் வைக்கோலில் சத்துக் குறைவு. அதனால் மேட்டுக்காணியில் சீஓ-3 புல் நட்டால் நல்லது. கோயம்புத்தூர் விவசாயப் பல்கலைக்கழகத்தில் உருவான புல் அது. நட்டு இரண்டரை மாதத்தில் முதல் வெட்டு, பிறகு தண்ணீர் இருந்தால் ஒன்றரை மாதத்துக்கு ஒரு வெட்டு. தினமும் இரண்டு மாட்டுக்கு வேண்டியதை வெட்ட ஒரு நல்ல கத்தி போதும். பல்லுள்ள அரிவாள் நெல்லுக்குரியது. தடித்த தண்டுக்குப் பல்லில்லாத பாரக் கத்தியும் ஒரு சாணைக்கல்லும் வேண்டும். மழுங்கிய கத்திதான் கையை வெட்டும் என்று என் அம்மம்மா சொல்வார், அது உண்மை.

தோளில் மாட்டும் மெசின் எண்ணெயும் சேர்ந்து ஏழெட்டுக் கிலோவுக்குக் குறையாது. அதன் அதிர்வு கை, தோள் முழுவதும் ஏறும். செல் துண்டு தோளில் உள்ள ஒருவருக்கு அதை விற்க வந்தவர், அவருடைய தோளைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. எங்கள் ஊர்களில் காயம்பட்ட பெண்கள் எத்தனை பேர்! மெசின் வாங்குவதாயின் கடையில் வைத்தே தோளில் மாட்டி, ஓடவிட்டு, கால் மணித்தியாலமாவது நின்று பாருங்கள். அதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்க வேண்டாம். அரை ஏக்கர் புல்லை ஒரே நாளில் வெட்டிக் காயப்போட வேண்டிய தேவை வந்தால் மெசின் உள்ள பெடியனைக் கூலிக்குப் பிடிக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். புல் செழித்து நிற்கும் இடம் பல வேளை யாரும் போகாத இடம். யாரும் போகாததற்குக் காரணம் இருக்கும். கண்ணிவெடி அகற்றும் வேலை எங்கள் பகுதிகளில் இன்னும் முடியவில்லை. மண்டையோட்டுப் பலகை விழுந்து கிடந்தாலும் அந்தப் பக்கம் போக வேண்டாம். பழைய பங்கர் வரம்பு, மண் அணை ஓரம் ஆகிய இடங்களில் கத்தியோ மெசினோ வைக்க முன்னர் கிராம சேவையாளரிடம் விசாரியுங்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல் வந்த வழியே திரும்பி வந்து அறிவியுங்கள். பற்றைகளைக் கூட்டிக் கொளுத்துவதிலும் இதே ஆபத்து உண்டு.

புல் நறுக்கி பற்றி என் சொந்த அனுபவம் ஒன்று. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அப்போது இருந்த நிறுவனத்தின் மூலம் ஒரு மாதர் சங்கத்துக்கு மோட்டர் புல் நறுக்கி வாங்கிக் கொடுத்தோம். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த தைரியத்தில் 'கூட்டு உடைமை' என்று அறிக்கையில் அழகாக எழுதினேன். ஆறு மாதத்தில் அது பொதுநோக்கு மண்டபத்து மூலையில் கறள் பிடித்துக் கிடந்தது. மின்சாரக் கட்டணத்தை யார் கட்டுவது, பிளேட் தீட்டும் செலவு யாருடையது, புல்லைத் தலையில் சுமந்துகொண்டு மண்டபம் வரை யார் போவது என்று ஒருவரிடமும் நான் கேட்டிருக்கவில்லை. குற்றம் அந்தப் பெண்களுடையதல்ல. அறிக்கையில் அதை 'பங்கேற்புக் குறைவு' என்று எழுதியதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கின்றது.

இரண்டு மாட்டுக்கு மரக்குற்றியும் பாரக் கத்தியும் போதும். நாலு, ஐந்து மாடு என்றாகும்போது சில்லைக் கையால் சுற்றும் நறுக்கியைப் பற்றி யோசிக்கலாம். நறுக்கிப் போட்டால் மாடு தண்டை ஒதுக்காமல் தின்னும் என்பது உண்மையே. ஆனால் அதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் சுற்ற, ஒருவர் புல்லைத் தள்ள. தள்ளுபவருடைய விரல் போன சம்பவங்கள் இந்தியாவில் ஏராளம். வாங்கும்போது புல் தள்ளும் தட்டு உங்கள் முழங்கையளவாவது நீளமா, பிளேட்டுக்கு மூடி உண்டா, வேலை முடிந்ததும் சில்லைப் பூட்டி வைக்க முடியுமா என்று பாருங்கள். பூட்ட முடியாததைச் சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். மாற்றுப் பிளேட் பக்கத்து நகரத்தில் கிடைக்குமா என்பதையும் கேளுங்கள்.

வைக்கோலின் சத்தைக் கூட்ட மெசின் தேவையில்லை. 25 கிலோ வைக்கோலுக்கு 1 கிலோ யூரியாவை 20 லீற்றர் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, படை படையாகத் தெளித்து, பொலித்தீனுக்குள் காற்றுப் புகாமல் மூன்று கிழமை மூடி வைக்க வேண்டும். எடுத்து நாற்றம் போகும்வரை காற்றாட விட்டு, முதலில் சிறிதாகக் கொடுத்துப் பழக்குங்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு வேண்டாம். யூரியாத் தண்ணீரை மாடு குடித்தால் செத்துவிடும். ஆகவே அளவைக் கண்மட்டத்தில் போடாமல், முதல் தடவை கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டுச் செய்யுங்கள். 2021இல் இரசாயனப் பசளை தடைப்பட்டு, 2022இல் யூரியா விலை ஏறியபோது இதைச் செய்தவர்கள் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். அவர்களுக்கு வேலியிலுள்ள கிளிசரியா கை கொடுத்தது. அதை வெட்டி அரை நாள் வாடவிட்டுக் கொடுத்தால் மணத்துக்கு முகம் சுளிக்கும் மாடும் மெல்லப் பழகும்.

இனிக் கடன். அக்காவின் தாளில் இருந்த கட்டுக்காசைப் பால் லீற்றராக மாற்றிப் பார்த்தோம். ரூபாவில் எழுதினால் அடுத்த இதழ் வர முதல் விலை மாறிவிடும், லீற்றர் மாறாது. கிழமைக்கு ஒன்பது லீற்றர் பாலின் காசு. மாசியில் கிழமைக்கு 42 லீற்றர் கறக்கும்போது ஒன்பது பெரிதாகத் தெரியாது. ஆவணியில் கிழமைக்கு 14 லீற்றர்தான். அதில் ஒன்பதைக் கட்டினால் மிச்சம் ஐந்து. வருடத்தில் பத்துப் பதினைந்து நாள் ஓடும் மெசினுக்கு 52 கிழமையும் கட்ட வேண்டும். மாட்டுக்குக் கோடை வரும், கடனுக்குக் கோடை கிடையாது. 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை நிபந்தனைகளுடன் அரசாங்கம் தள்ளுபடி செய்ய வேண்டிய அளவுக்கு நிலைமை முற்றியிருந்ததை மறக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் அப்படி ஒரு தள்ளுபடி வருமென்று எதிர்பார்க்கவும் முடியாது.

வெள்ளிக்கிழமை தாள் கொடுத்தவர் வந்தபோது நான் அங்கு இருக்கவில்லை. "பெட்டி ஒண்டு அடிக்கக் குடுத்திருக்கிறன், அது சரிவந்தாப் பாப்பம்" என்று அக்கா சொல்லி அனுப்பியதாகத் தொலைபேசியில் கூறினார். இந்தப் போகத்து வைக்கோலில் பாதிக்கு மேல் ஏற்கனவே எரிந்துவிட்டது. மிச்சத்தில் 41 கட்டுத்தான் தேறியது. பக்கத்து வயல் அண்ணாவிடம், கொளுத்த முதல் தனக்குச் சொல்லும்படி கேட்டிருக்கின்றார். அவர் சம்மதித்துவிட்டார், ஆனால் வெட்டு மெசின்காரரைக் கொஞ்சம் பதித்து வெட்டச் சொன்னால் கூலியைக் கூட்டுவாரோ என்ற கேள்வி இன்னும் இருக்கின்றது. உங்கள் பகுதியில் யாராவது அப்படிப் பேசி வெட்டுவித்திருந்தால் எவ்வளவு கூடக் கொடுத்தீர்கள் என்பதை எழுதி அனுப்புங்கள். அக்காவுக்குச் சொல்ல வேண்டும்.